பல்லுக்கு ஒரு பேரேடு

சிலர் சிரித்தால் கன்னத்தில் குழி விழும். என் அக்கா மகள் சிரித்தால் வலது கை தானாக எழும்பி வாயை மூடிக்கொள்ளும். வயது பத்தொன்பது. எட்டாம் வகுப்பில் எவளோ ஒருத்தி 'தேங்காய்த் துருவி' என்று பட்டப்பெயர் வைத்தாளாம். அன்றைக்கு எழும்பிய கை. குடும்பத்துக் கல்யாண ஆல்பங்களில் இவள் எங்கே இருக்கிறாள் என்று முகத்தைத் தேடினால் கிடைக்காது. கை தெரிகிற இடத்தில் இருப்பாள்.

போன வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா கூப்பிட்டு அனுப்பினாள். போனேன். மரச்சீனிக் கிழங்கும் மீன்குழம்பும் வைத்துக் கொடுத்தாள். அக்கா காரணமில்லாமல் கிழங்கு வைக்க மாட்டாள் என்பதால் சாப்பிட்டு முடிக்கும்வரை நானும் காரணம் கேட்கவில்லை.

"எடே, நீ பி.காம் படிச்சவந்தானே? இந்தக் கணக்கைக் கொஞ்சம் பாத்துச் சொல்லு" என்று மகளின் போனை நீட்டினாள்.

விளம்பரம். வெள்ளைப் பற்களோடு ஒரு பெண். கையில் கண்ணாடி மாதிரி ஒரு பிளாஸ்டிக் உறை. கம்பி வேண்டாம், வலி வேண்டாம், ஆஸ்பத்திரிக்கு அலைய வேண்டாம், வீட்டுக்கே வந்து பல்லை ஸ்கேன் எடுப்போம், எட்டே மாதத்தில் முத்துவரிசை. பெயர் அலைனர். மாதம் வெறும் ஆறாயிரம், பன்னிரண்டு தவணை, வட்டி பூஜ்யம்.

"கம்பி போட்டா காலேஜ்ல கேலி பண்ணுவாங்க மாமா. இது போட்டிருக்கதே தெரியாதாம்" என்றாள் மருமகள், கைக்குப் பின்னாலிருந்து.

எங்களைப் போன்ற காமர்ஸ்காரர்களுக்கு வாழ்க்கையில் இந்த மாதிரி சந்தர்ப்பங்கள் அபூர்வம். டாக்டரை எல்லோரும் வழிமறித்து வயிற்றுவலி சொல்கிறார்கள். பி.காமை யார் வழிமறிக்கிறார்கள்? நான் நிமிர்ந்து உட்கார்ந்து பென்சில் கேட்டேன்.

விளம்பரத்தின் அடியில், எறும்பு எழுதின எழுத்தில், மொத்தமாகக் கொடுத்தால் 64,000 என்று இருந்தது. தவணையில் 72,000. அப்படியானால் 64,000 கடனுக்கு ஒரு வருஷத்தில் 8,000 கூடுதல். எட்டை அறுபத்துநாலால் வகுத்து 'பன்னிரண்டரை சதவீதம்தானே' என்று சந்தோஷப்படக் கூடாது. முதல் மாதத்திலிருந்தே அசல் குறைந்துகொண்டு வருகிறது. ஒழுங்காகக் கணக்குப் போட்டால் வருஷ வட்டி 22 சதவீதத்தைத் தாண்டுகிறது. 'பூஜ்யம்' என்பது அந்தக் கம்பெனியின் கூச்சத்தைக் குறிக்கும் சொல் போலிருக்கிறது.

அக்காவுக்கு விஷயம் புரிந்தது. ஒரு வளையலை வைத்து மொத்தமாகக் கட்டிவிடலாம் என்று முடிவெடுத்தாள். ஆக, என் கல்வியின் பயன் ஒரு வளையல் அடகுக்குப் போனதுதான்.

ஒரு பையன் பையோடு வந்தான். நல்ல பையன், செருப்பை வாசலிலேயே கழற்றினான். பேனா தடிமனில் ஒரு காமிராக் குச்சியை வாய்க்குள் விட்டு மேலும் கீழும் ஓட்டினான். பத்து நிமிஷத்தில் வேலை முடிந்தது. இரண்டு நாளில் போனுக்கு ஒரு வீடியோ வந்தது. அதில் மருமகளின் பற்கள் என்.சி.சி. பரேடு மாதிரி ஒவ்வொன்றாக நகர்ந்து வரிசையில் நின்றன. அவள் அந்த வீடியோவை எத்தனை தடவை பார்த்திருப்பாள் என்று தெரியாது. நான் பார்க்கும்போதே பதினோரு தடவை.

பணம் கட்டக் கெடு ஒரு வாரம். அந்த ஒரு வாரத்தில் நான் இந்த அலைனர் எங்கிருந்து வந்தது என்று தோண்டிப் பார்த்தேன். தோண்டினால் கிடைத்தது நம்ம ஆட்கள்! 1997ல் அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டில் எம்.பி.ஏ. படித்த ஜியா சிஷ்டி, கெல்ஸி வொர்த் என்ற இரண்டு பேர்தான் அலைன் டெக்னாலஜி என்ற கம்பெனியை ஆரம்பித்து 'இன்விஸலைன்' என்று இதைக் கொண்டுவந்தார்கள். இரண்டு பேருமே பல் டாக்டர் கிடையாது. சிஷ்டி பெரியவரான பிறகு பல்லுக்குக் கம்பி போட்டவர். கம்பி கழற்றியபின் பல் பழைய இடத்துக்கு ஓடாமலிருக்க ரிட்டெய்னர் என்று ஒன்று கொடுப்பார்கள். அதை அவர் சில நாள் போடாமல் விட்டார். பல் நகர்ந்தது. மறுபடி போட்டார். பல் திரும்பி வந்தது. ஒரு ரிட்டெய்னர் இவ்வளவு செய்யுமென்றால், கொஞ்சம் கொஞ்சமாக வடிவம் மாறும் இருபது ரிட்டெய்னர் என்ன செய்யாது? இதுதான் அவருக்குத் தோன்றியது.

யோசனை புதுசு இல்லை. 1945லேயே கெஸ்லிங் என்கிற அமெரிக்கப் பல் டாக்டர் ரப்பரில் இந்த மாதிரி ஒன்றைச் செய்து, படிப்படியாகப் பல்லை நகர்த்தலாம் என்று எழுதியிருக்கிறார். ஆனால் ஒவ்வொரு படிக்கும் பல் அச்சைக் கையால் அறுத்து மெழுகில் ஒட்டவேண்டும். அத்தனைக்கு எந்த டாக்டருக்குப் பொறுமை இருக்கும்? கம்ப்யூட்டரும் முப்பரிமாண அச்சும் வந்த பிறகுதான் அது வியாபாரமாயிற்று. 1998ல் அமெரிக்க எஃப்.டி.ஏ. அனுமதி, 2001ல் பங்குச் சந்தை. 2017ல் முக்கியமான பேட்டண்டுகள் காலாவதியாகத் தொடங்க, ஊரெல்லாம் அலைனர். காமர்ஸ்காரன் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ள வேண்டிய கதை.

தூக்கின காலரை அடுத்த பக்கத்திலேயே இறக்க வேண்டியதாயிற்று. அமெரிக்காவில் ஸ்மைல் டைரக்ட் கிளப் என்று ஒரு கம்பெனி 2014ல் தொடங்கியது. டாக்டரிடம் நேரில் போகவே வேண்டாம், தபாலில் அலைனர் வரும். 2019ல் பங்கு வெளியிட்டபோது கம்பெனியின் மதிப்பு சுமார் 890 கோடி டாலர். 2023 செப்டம்பரில் திவால் மனு. அதே வருஷம் டிசம்பர் 8ஆம் தேதி கடையைப் பூட்டிவிட்டார்கள். பாதிப் பல் நகர்ந்த நிலையில் இருந்தவர்களுக்கு ஓர் அறிவிப்பு: இனி அலைனர் வராது, ஆயுட்கால உத்தரவாதமும் கிடையாது. தவணையில் வாங்கியவர்கள் மட்டும் தவணையைத் தொடர்ந்து கட்டி வரவும்!

இதை அக்காவிடம் படித்துக் காட்டினேன். "அது அமெரிக்கா. நமக்கென்ன?" என்றாள். அக்கா சொல்வதும் சரிதான். இங்கே எல்லாக் கம்பெனியும் அப்படி இல்லை. எக்ஸ்ரே பார்த்து, பல் டாக்டர் கையெழுத்துப் போட்ட பிறகே பிளாஸ்டிக்கைத் தொடுகிறவர்களும் இருக்கிறார்கள். நானும் அதிகம் வாதாடவில்லை. அந்த வீடியோவைப் பார்க்கும்போது அந்தப் பெண்ணின் முகத்தை நீங்கள் பார்த்திருந்தால் நீங்களும் வாதாடியிருக்க மாட்டீர்கள்.

கெடுவுக்கு இரண்டு நாள் முன்னால் என் கடைவாய்ப்பல்லில் அடைத்திருந்த சிமெண்ட் விழுந்தது. (காரணம் அக்கா வீட்டு முறுக்கு. அவளிடம் சொல்லவில்லை.) வடசேரிப் பக்கம் ஒரு பல் டாக்டரிடம் போனேன். காலேஜ் லீவாக இருந்ததால் மருமகளும் ஸ்கூட்டரில் தொற்றிக்கொண்டாள். சனிக்கிழமை. அங்கே சனிக்கிழமைதோறும் பல் சீரமைப்பு டாக்டர் ஒருவர் வருவார். ஆர்த்தடான்டிஸ்ட் என்று போர்டில் போட்டிருந்தது. பல் டாக்டர் படிப்பு முடித்துவிட்டு இதற்கென்றே மேலும் மூன்று வருஷம் படித்தவர். ஓசியில் ஒரு அபிப்பிராயம் கேட்கலாமே என்று வீடியோவைக் காட்டினேன்.

அவர் பார்த்தார். "படம் நல்லாருக்கு" என்றார். "எக்ஸ்ரே எங்க?"

"எக்ஸ்ரேயா?"

"இந்தக் காமிராவுக்கு ஈறுக்கு வெளிய இருக்கதுதான் தெரியும், பாத்துக்கிடுங்க. வேரும் எலும்பும் தெரியாதுல்லா? நீ வாம்மா, உக்காரு. கையை எடு."

கையை எடுத்தாள். டாக்டர் ஒரு கண்ணாடியை வாய்க்குள் விட்டு, மேல்வரிசையில் இடதுபக்கத்துக் கோரைப்பல்லை லேசாகத் தட்டினார். மறுபடி தட்டினார். "இது பால் பல்லாக்கும்" என்றார்.

பத்தொன்பது வயதில் பால் பல்! அப்படியானால் விழுந்து முளைத்திருக்க வேண்டிய நிஜக் கோரைப்பல் எங்கே? ஓ.பி.ஜி. என்று முழுத் தாடைக்கும் ஒரே எக்ஸ்ரே எடுக்கிறார்கள். மெஷின் தலையை ஒரு சுற்றுச் சுற்றிவந்தது. படத்தை வெளிச்சத்தில் பிடித்தார் டாக்டர். சாய்ந்து படுத்த நிலையில், எலும்புக்குள் சுகமாக உறங்கிக்கொண்டிருந்தது அந்தக் கோரைப்பல். அதன் தலை பக்கத்து முன்பல்லின் வேருக்கு மிக அருகில்.

ஞானப்பல்லுக்கு அடுத்தபடியாக இப்படி எலும்புக்குள் சிக்கிக்கொள்ளும் பல் மேல்கோரைப்பல்தானாம். சும்மா கிடந்தால்கூட சில பேருக்குப் பக்கத்துப் பல்லின் வேரை மெல்ல மெல்லத் தின்றுவிடும். இது தெரியாமல் முன்பற்களை அந்தப் பக்கமாகவே தள்ளினால்? வீடியோவில் அட்டென்ஷனில் நின்ற பல் நிஜத்தில் ஆட ஆரம்பித்திருக்கலாம். வீடியோ போட்டவர்கள் பால் பல்லையும் சேர்த்துத்தான் அணிவகுப்பு நடத்தியிருந்தார்கள். கம்ப்யூட்டருக்கு அது பால் பல் என்று யார் சொன்னார்கள்?

அப்புறம் டாக்டர் சொன்னதை எனக்குப் புரிந்த மட்டும் எழுதுகிறேன். பல் என்பது சிமெண்டில் நட்ட கம்பம் இல்லை. எலும்புக் குழிக்குள் நுண்ணிய நார்களால் கட்டித் தொங்கவிடப்பட்டிருக்கிறது. ஒரு பக்கம் மெதுவாகத் தள்ளிக்கொண்டே இருந்தால், அழுத்தம் விழும் பக்கத்து எலும்பைச் சில செல்கள் அரிக்கும். இழுபடும் பக்கத்தில் வேறு செல்கள் புது எலும்பு வைக்கும். எங்கள் பழையாறு ஒரு கரையை அரித்து மறு கரையில் மணல் சேர்க்கிறதே, அதே கதை. பல் ஆற்றோடு போகிற மாதிரி போகும். கம்பியோ அலைனரோ, இரண்டும் செய்வது இதைத்தான். அவசரப்பட்டால் வேர் தேயும். ஈறு நோய் இருக்கும்போது தள்ளினால் பல்லே கழன்று வரும். அதனால்தான் நடுநடுவே ஒருத்தர் பார்த்துக்கொண்டே இருக்கவேண்டும்.

மருமகளுக்கு என்ன வழி? பால் பல்லை எடுத்து, ஈறைக் கீறி, உறங்குகிறவரின் தலையில் ஒரு பொத்தானை ஒட்டி, அதில் சின்னச் சங்கிலி மாட்டி, கம்பியோடு கோத்துக் கொஞ்சம் கொஞ்சமாக இழுக்கவேண்டும். இரண்டு வருஷம் ஆகலாம். இரும்புக் கம்பி.

"கம்பியா?" என்றாள். அவ்வளவுதான். ஸ்கூட்டரில் திரும்பி வரும்போது வேப்பமூடு வரை ஒன்றும் பேசவில்லை. கண்ணாடியில் பார்த்தேன். கை வாயை மூடவில்லை, கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தது. "அந்த வீடியோவை அழிச்சிரட்டுமா மாமா?" என்று கேட்டாள். எந்த பி.காமில் இதற்குப் பதில் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்?

அக்கா வீட்டில் பெரிய ரகளை. "ரெண்டு வருஷமா? அதுக்குள்ள ஒரு வரன் வந்தா வாயில இரும்பை வச்சுக்கிட்டு நிப்பாளா?" என்று அக்கா. "வர்றவன் காந்தமா இருந்தா ஒட்டிக்கிடுவான்" என்று அத்தான். அத்தான் வருஷத்துக்கு ஒரு ஜோக் அடிப்பார், அதையும் நேரம் பார்த்து அடிக்க மாட்டார். மருமகள் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். குலசேகரத்தில் பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது, திருவனந்தபுரத்தில் அரசுக் கல்லூரி இருக்கிறது, காசு கம்மியாக ஆகும் என்று விசாரித்துச் சொன்னேன். கடைசியில் வடசேரி டாக்டரிடமே என்று முடிவாயிற்று. வளையல் மீண்டும் போனது, இந்தத் தடவை நல்ல காரியத்துக்கு.

இதற்கிடையில் ஒரு விபத்து. என் கீழ்வரிசை முன்பற்கள் நெரிசலில் வடசேரி பஸ் ஸ்டாண்ட் மாதிரி நிற்கும். எனக்கும் அன்றைக்கே எக்ஸ்ரே எடுத்துப் பார்த்த டாக்டர், "உங்களுக்கு வேணும்னா அலைனரே போதும் சார்" என்று சொல்லிவிட்டார். மருமகள் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! ஆசைப்பட்டவளுக்கு இரும்பு. பில் பார்க்க வந்தவனுக்குக் கண்ணாடி. நான் மறுத்தேன். அவள்தான், "போடுங்க மாமா, ஒருத்தராவது போடுங்க" என்றாள்.

பதினெட்டு செட். பத்து நாளைக்கு ஒரு நம்பர். ஒவ்வொரு நம்பரும் பல்லைக் கால் மில்லிமீட்டர் அளவுக்குத்தான் நகர்த்தும். போட்டிருப்பது யாருக்கும் தெரியாது என்பது விளம்பரத்தில் மட்டும். பிடிமானத்துக்காகப் பல்லில் பல் நிறத்திலேயே குட்டிக் குட்டிப் பருக்கள் ஒட்டுகிறார்கள். இடம் போதாத இரண்டு பல்லுக்கு நடுவே காகிதக் கனத்துக்கு அரம் வைத்து உரசுகிறார்கள். முதல் வாரம் பேச்சு வேறு குழறும். பஸ்ஸில் "ஸுஸீந்திரம் ஒண்ணு" என்று கேட்டேன். கண்டக்டர் என்னை ஏதோ வேத பாடசாலை ஆசாமி என்று நினைத்து மரியாதையாகச் சில்லறை கொடுத்தார்.

இதெல்லாம் சமாளிக்கலாம். சமாளிக்க முடியாதது அந்த 22 மணி நேரம். ஒரு நாளில் 20 முதல் 22 மணி நேரம் வாயில் இருக்கவேண்டும். கழற்றி வைத்தால் ஆறு பழைய கரைக்குத் திரும்பிவிடும். தண்ணீர் தவிர எதற்கும் கழற்றவேண்டும். சூடான டீ பிளாஸ்டிக்கை வளைக்கும், கறையாக்கும். சர்க்கரை உள்ளே மாட்டிக்கொண்டால் பல் சொத்தை.

டாக்டர் 22 என்று சொல்லிவிட்டார். மிச்சம் 120 நிமிடம். பேரேடு போட்டேன். காலை கட்டஞ்சாயா 10. புட்டும் பயறும் 20. பதினோரு மணி டீயும் ரசவடையும் 15. மத்தியானச் சாப்பாடு 30. நாலு மணி டீ, பழம்பொரி 15. ராத்திரி 25. ஆக 115. ஆஹா, ஐந்து நிமிடம் லாபம் என்று கோடு போட்டேன். அப்புறம் ஞாபகம் வந்தது, சாப்பிட்டால் பல் தேய்த்துவிட்டுத்தான் மாட்டவேண்டும். தடவைக்கு மூன்று நிமிடம். பற்றாக்குறை பட்ஜெட்!

ரசவடையைத் தியாகம் செய்தேன். நாகர்கோவில்காரன் இதைவிடப் பெரிதாக எதைத் தியாகம் செய்யமுடியும்? இதை அமெரிக்காவில் கண்டுபிடித்ததற்குக் காரணம் இருக்கிறது. இரண்டு வீட்டுக்குப் போனால் இரண்டு டீ குடித்தாகவேண்டிய ஊரில் எவனுக்கும் இந்த யோசனை வந்திருக்காது.

"பதினெட்டு முடிஞ்சா விடுதலைதானே?" என்று டாக்டரிடம் கேட்டேன்.

"அப்புறம் ராத்திரியில மட்டும் ரிட்டெய்னர்."

"எத்தன நாளைக்கு?"

"பல்லு இருக்க வரைக்கும்."

ஒன்பதாம் நம்பர் ஓடிக்கொண்டிருந்தபோது பூதப்பாண்டியில் ஒரு கல்யாணம். எங்கள் பக்கத்துக் கல்யாணச் சாப்பாடு தெரியுமல்லவா? பருப்பு, பப்படம், அவியல், எரிசேரி, சாம்பார், ரசம், புளிசேரி... பிரதமனை இலையில் ஊற்றிப் பப்படத்தை நொறுக்கிப் போட்டு... 120 நிமிடத்தையும் ஒரே இலையில் செலவழிக்கும் திட்டத்தோடு காலையிலிருந்து பட்டினி. டப்பாவை மறந்துவிட்டேன். அலைனரைக் கழற்றிக் கை துடைக்கும் காகிதத்தில் சுற்றி இலையோரமாக வைத்தேன். (எந்தப் பல் டாக்டரைக் கேட்டாலும் சொல்வார், அலைனர் தொலைகிற இடம் இந்தக் காகிதம்தான்.) இரண்டாவது தடவை பாயசம். எழுந்து கை கழுவி வந்தால் இலை இல்லை, விரிப்புத் தாளும் இல்லை. மொத்தமாகச் சுருட்டிப் போய்விட்டார்கள்.

மண்டபத்துக்குப் பின்னால் எச்சில் இலை மலை. இரண்டு மாடுகள் ஏற்கெனவே ஆராய்ச்சியில் இருந்தன. நான் ஒரு குச்சியை எடுத்துக்கொண்டு மூன்றாவதாகச் சேர்ந்தேன். மருமகள் ஓடி வந்தாள். வலது கையில் போன் டார்ச், இடது கையில் பட்டுப்பாவாடையைச் சேறுபடாமல் தூக்கிப் பிடித்திருந்தாள்.

"அந்தா மினுங்குது மாமா!"

எடுத்தேன். பாயச டம்ளரின் துண்டு.

"இந்தா, இது!"

இன்னொரு டம்ளர். எங்கு பார்த்தாலும் கண்ணாடி பிளாஸ்டிக். "கண்ணுக்கே தெரியாதுன்னு சொல்லித்தானே மாமா காசு வாங்கினாங்க?" என்றாள்.

சொல்லிவிட்டு ஒரு சிரிப்பு. மாடு நிமிர்ந்து பார்க்கிற மாதிரி சிரிப்பு. கம்பி, ரப்பர் வளையம், பால் பல் எடுத்த ஓட்டை, அதற்குள்ளிருந்து எட்டிப் பார்க்கும் சங்கிலி எல்லாம் டார்ச் வெளிச்சத்தில் பளபளவென்று தெரிந்தன. இரண்டு கையும் வேலையாக இருந்தன. நான் வாயைத் திறந்து அதைப்பற்றி ஒன்றும் சொல்லவில்லை. குச்சியால் இலையைப் புரட்டிக்கொண்டே இருந்தேன், தேவைக்கு அதிகமாகவே.

கிடைக்கவில்லை. டாக்டருக்குப் போன் போட்டேன். பத்தாம் நம்பருக்கு இன்னும் ஆறு நாள் இருந்ததால், அதுவரை பழைய எட்டையே மாட்டிக்கொள்ளச் சொன்னார். எட்டு வீட்டில் இருந்தது. அன்றைய பேரேட்டில் வாயிலிருந்து கழற்றி வைத்த நேரம் 4 மணி 10 நிமிடம் என்று எழுதினேன். அதில் பிரதமனுக்கு எவ்வளவு, மாட்டோடு நின்றது எவ்வளவு என்று பிரித்து எழுதவில்லை.